பெண்ணுக்கு அடிக்காத மணி

ஒரு கிடேரிக் கன்றைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனால், வாங்க வருகிறவன் முதலில் கேட்பது அதன் தாயைப் பற்றித்தான். தாய் எவ்வளவு கறந்தது, தாயின் தாய் எவ்வளவு கறந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் விலைக்கு வருவான். இங்கிலாந்தில், ஷ்ராப்ஷர் மலையோரத்தில் ஆயுசு முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவன் நான். பால்மாடு வைத்திருக்கிற ஒரு விவசாயியாவது "ஐயோ, பொட்டைக் கன்றா" என்று முகம் சுளித்து நான் கண்டதில்லை. முகம் சுளிப்பதெல்லாம் மனிதர்கள் வீட்டில்தான். அதிலும் என் மாமனார் வீட்டைப் போல இன்னொரு வீட்டை நான் பார்க்கவில்லை.

என் பெயர் இட்ரிஸ் பியூ. எல்லைக்கு அந்தப் பக்கம், வேல்ஸில், கசாப்புக் கடைக்காரர் மகன். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து ஹார்க்ஸ்டன் பிரபுவின் மூத்த மகள் மார்ஜரியைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று மாமனார் என் கையைக் குலுக்கி, "மாட்டு டாக்டர்னா வீட்டுக்கு உபயோகமாத்தான் இருக்கும்" என்று ஆசீர்வாதம் செய்தார். அதன் பிறகு அவருடைய நாய்கள் ஒவ்வொன்றும் என் மடியில்தான் உயிரை விட்டன.

அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் மார்ஜரி, எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நடுவில் ஜார்ஜியானா. அவள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ரூபர்ட் என்ற கணவனையும் ஜாஸ்பர் என்ற மகனையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். கடைக்குட்டி செசிலி லண்டனில் இருக்கிறாள், டிவி விவாதங்களில் பெண்ணுரிமை பேசுகிறவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பம் இவ்வளவுதான். இதற்குள் நடந்த கூத்துக்கு ஒரு ராஜ்ஜியம் தேவையில்லை.

ஹார்க்ஸ்டன் தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள் உண்டு. பிரபு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஆறும் சேர்ந்து அடிக்கும். பெண் பிறந்தால் அடிக்காது. மார்ஜரி பிறந்த அன்று மணியடிக்கிறவர்கள் கோபுரத்தில் ஏறி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்களாம். வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து "பொண்ணு" என்றானாம். கயிற்றை விட்டுவிட்டு இறங்கி, அவர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த சைடரை, அந்த ஆப்பிள் மதுவை, மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள். ஊரில் இதை இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்வார்கள், மார்ஜரியை எதிரில் வைத்துக்கொண்டே சொல்வார்கள். அடுத்த இரண்டு பிரசவத்துக்கும் அவர்கள் முன்ஜாக்கிரதையாகக் கீழேயே நின்றுகொண்டார்கள்.

மார்ஜரி சிறுமியாக இருந்தபோதே அந்த மணிக்கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்போது அவள்தான் அதற்குத் தலைவி. எந்த மணி முன்னால், எந்த மணி பின்னால் என்று அவள் குரல் கொடுத்தால்தான் கயிறுகள் அசையும். ஏன் சேர்ந்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "தோளுக்கு நல்லது" என்றாள்.

இனி பட்டத்தின் கதை. ஹார்க்ஸ்டன் பட்டம் மிகப் பழையது. என்றோ ஒரு ராஜா ஒருவனை மேல்சபைக்கு வா என்று ஓலை விட்டுக் கூப்பிட்டான். போனவன் பிரபு ஆகிவிட்டான். இப்போது அந்தப் பட்டத்தோடு நிலம் வராது, சபையில் நாற்காலி வராது. வீடுகூட எப்போதோ கைமாறி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஹோட்டலாகிவிட்டது. மிச்சம் இருப்பது கூப்பிடுகிற பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது பாருங்கள். பிரபுவுக்கு ஒரு மகன் இருந்தால், அவன் ஒன்பது அக்காக்களுக்குப் பின்னால் பிறந்தவனாக இருந்தாலும், எல்லாம் அவனுக்கே. மகன் இல்லாமல் பெண்கள் மட்டும் இருந்தால் அங்கேதான் சட்டத்துக்குத் திடீரென்று நியாய புத்தி வந்துவிடும். மூத்தவள் இளையவள் கிடையாது, எல்லாப் பெண்களும் சமம். எல்லாரும் சமம் என்பதால் ஒருத்திக்கும் கிடையாது. பட்டம் தொங்கலில் விழுந்துவிடும். மற்றவர்கள் எல்லாரும் சம்மதித்து ஒருவருக்காக ராஜாவிடம் மனுப் போட வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் வம்சம் அற்றுப்போகிறவரை காத்திருக்க வேண்டும். ஆணுக்குச் சொத்து, பெண்ணுக்குச் சமத்துவம். இதை எழுதியவனைக் கூப்பிட்டு என் தொழுவத்தில் சாணி அள்ள விட்டிருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் அரண்மனைக்கு மட்டும் சட்டத்தை மாற்றினார்கள். மூத்தது பெண்ணாக இருந்தால், பின்னால் பிறக்கிற தம்பி அவளைத் தள்ளிவிட்டுச் சிம்மாசனத்தில் ஏற முடியாது என்று ஆக்கினார்கள். அதுவும் இனிமேல் பிறக்கப்போகிற குழந்தைகளுக்கு மட்டும். ஏற்கெனவே பிறந்து தொலைத்துவிட்ட பெண்களுக்கு அனுதாபம். பிரபுக்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. நாடே தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டது. அன்று முழுவதும் டிவியில் செசிலிதான். ஊதா நிற உடையில் வந்து, "முதல்ல பொறந்தவ பொண்ணுங்கறதுக்காக அவளை ஒதுக்கறது காட்டுமிராண்டித்தனம்" என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். மார்ஜரி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா பேசறா இல்ல?" என்றாள் என்னிடம்.

மாமனாரின் கடைசி வருடங்கள் எங்கள் வீட்டில்தான் கழிந்தன. குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் மார்ஜரி. பார்க்க வருகிறவர்களிடம் கிழவர் அவளைக் காட்டி, "இவ எனக்குப் புள்ள மாதிரி" என்பார். மார்ஜரியின் முகம் சிவந்துவிடும், சந்தோஷத்தில்.

"அது ஒரு பாராட்டா?" என்று நான் ஒருநாள் சமையலறையில் எரிந்து விழுந்தேன். "நீ அவர் பொண்ணு. பொண்ணாப் பாத்துக்கிட்டே. அதைச் சொல்றதுக்கு அவருக்கு வாய் வராதா?"

"அப்பாகிட்ட அதுக்கு மேல நல்ல வார்த்தை இல்ல, இட்ரிஸ்."

"இல்லாத மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்."

அவள் கஞ்சியை வடிகட்டினாள். அந்தக் கிழவரை நான் மனதார வெறுத்தேன், நல்லபடியாக அடக்கமும் செய்தேன். அடக்கத்துக்கு மணி அடித்தது. அதையும் மார்ஜரிதான் அடித்தாள்.

மார்ஜரி வாழ்க்கையில் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. ஒரு பிரபுவின் மகள் என்பதற்காக அவளுக்கு 'மாண்புமிகு' என்று ஒரு அடைமொழி உண்டு. அதையும் தபால் உறையின் மேல் மட்டும்தான் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. தபால்காரன் ஒருவனுக்குத்தான் அவள் மாண்புமிகு. அப்படிப்பட்டவள், அப்பாவின் அடக்கம் முடிந்த அடுத்த வாரம், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அந்தப் பட்டம் வேணும்."

அவளுக்குப் பட்டம் கிடைத்தால் அவள் ஹார்க்ஸ்டன் சீமாட்டி. நான் அப்போதும் மிஸ்டர் பியூதான். பிரபுவைக் கட்டிக்கொண்ட பெண் தேவாலய வாசலிலேயே சீமாட்டி ஆகிவிடுவாள். சீமாட்டியைக் கட்டிக்கொண்டவனுக்கு நாமம். ராணிகளின் புருஷன்மார்களுக்கே அந்தக் கதிதான், நான் எந்த மூலைக்கு? ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மணிக்காரர்கள் அவள் எதிரில் தொப்பியைக் கழற்றுவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டங்களைப் பற்றி எனக்கு மரியாதை கிடையாது. ஒரு குப்பையை எல்லாரும் தலையில் வைத்துக் கூத்தாடும்போது, அது அவள் தலையில் இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

சம்மதம் கொடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். செசிலி ஒன்று. செத்துப்போன ஜார்ஜியானாவின் பங்கு அவள் மகன் ஜாஸ்பருக்கு வந்துவிட்டதால் அவன் ஒன்று. முதலில் செசிலியைக் கூப்பிட்டோம். அவள் வந்தாள். மார்ஜரி அவளுக்குப் பிடித்த இஞ்சி கேக் செய்திருந்தாள். செசிலி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, டிவிக்காக வைத்திருக்கிற குரலை எடுத்தாள்.

"மார்ஜ், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதே. மூத்தவங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்திக்கே எல்லாத்தையும் குடுக்கறது என்ன நியாயம்? இதுவும் பழைய ஆம்பளைங்க ஏற்படுத்தின முறைதானே."

"டிவியில மூத்தவளுக்குத்தான்னு சொன்னியே, செசி."

"அது அரச குடும்பம். அது கொள்கை. இது நம்ம வீடு."

"அப்போ நீ எடுத்துக்கறியா?" என்றேன் நான்.

"சேச்சே, எனக்கு எதுக்கு? நான் இந்தப் பட்டம் கிட்டமெல்லாம் ஒழியணும்னு நெனைக்கிறவ." கேக்கின் மூன்றாவது துண்டை எடுத்தாள். "நாங்க மூணு பேரும் சமம். அந்தச் சட்டத்துல அந்த ஒரு விஷயமாவது உருப்படியா இருக்கு. அதைப் போய் நாமளே கெடுக்கணுமா?"

தனக்கும் வேண்டாம், அக்காவுக்கும் கூடாது. வைக்கோல்போர் நாய்க்காவது குரைக்கத்தான் தெரியும். இது மேடை போட்டுப் பேசும். மீதிக் கேக்கை மார்ஜரி காகிதத்தில் சுற்றி அவளிடமே கொடுத்தனுப்பினாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டில் ஒட்டியிருந்த கேக் தூளைக் கொண்டுபோய்ப் பன்றிகளுக்கு வைத்தேன்.

இனி ரூபர்ட். ஜாஸ்பர் அப்பா சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிற பிள்ளை. ஆகவே ரூபர்ட்தான் ஆள். அந்தக் கணக்கை அவர் எப்போதோ போட்டு வைத்திருந்தார். மார்ஜரிக்குப் பிள்ளை இல்லை, செசிலிக்கும் இல்லை. இரண்டு பேரும் கண்ணை மூடினால் பட்டம் யாரையும் கேட்காமல் ஜாஸ்பர் மடியில் தானாக வந்து விழும். எதற்குச் சம்மதம், எதற்கு மனு? சும்மா இருந்தாலே போதும். மார்ஜரிக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து உப்பில் ஊறப்போட்ட பன்றித் தொடை ஒன்று தவறாமல் வரும். கூடவே போனும் வரும்.

"மார்ஜரி எப்படி இருக்கா, மாட்டு டாக்டரே? பிரஷர் எல்லாம்?"

"குதிரை மாதிரி இருக்கா."

"ரொம்ப சந்தோஷம்." அந்தச் சந்தோஷத்தில் உயிரே இருக்காது. "கோபுரப் படி எல்லாம் ஏறி இறங்கறாளாமே, இந்த வயசுல? விழுந்து கிழுந்து வைக்கப் போறா. பாத்துக்கோங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் நடந்தது என்ன தெரியுமா? மார்ஜரி கல்லுக் குண்டாக இருந்தாள். அந்தத் தொடைகளை அவள் தொட்டதில்லை, எங்கள் நாய்தான் தின்றது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர் ரூபர்ட். இரண்டு பெண்களின் சாவுக்குக் காத்திருந்தவருக்கு, தான் முந்திக்கொள்வோமோ என்ற பயம் பிடித்தது. மகனைப் பிரபுவாகப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று ஆடிப்போனார். வீடு திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார், அந்தப் பழைய வீட்டுக்கே, அதாவது அந்த ஹோட்டலுக்கே.

மாமனார் துப்பாக்கி துடைத்த அறையில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். வறுத்த ஆட்டுக்கறி, புதினா சாறு, உருளைக்கிழங்கு. ஜாஸ்பர் போனை முள்கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் ஒரு வெறும் பையன், காற்றடித்த பக்கம் சாய்வான். பக்கத்தில் அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் கெய்லி. டெல்ஃபோர்டில் அவள் அம்மா முடிதிருத்தகம் வைத்திருக்கிறாள், இவளும் அங்கேதான் வேலை செய்கிறாள். உட்கார்ந்த உடனே மார்ஜரியின் தலையைப் பார்த்து, "பெரியம்மா, யாரு உங்களுக்கு இப்படி வெட்டினது? அவங்க மேல கேஸ் போடலாம்" என்றாள். மார்ஜரி சிரித்தாள். வெட்டியவன் நான்.

ரூபர்ட் கண்ணாடித் தம்ளரைத் தட்டினார். "நமக்குள்ள எதுக்குப் போட்டி? மார்ஜரிக்குன்னா செசிலிக்கு மனசு வருத்தம். செசிலிக்குன்னா மார்ஜரிக்கு வருத்தம். எல்லாரும் சேர்ந்து ஜாஸ்பருக்குன்னு ஒரு மனுப் போட்டுட்டா? சின்னவன். வம்சம் தழைக்கும். பேரும் நிக்கும்."

நான் செசிலியைப் பார்த்தேன். இப்போது மேசையைத் தட்டுவாள், காட்டுமிராண்டித்தனம் என்பாள் என்று, உண்மையைச் சொன்னால், ஆவலோடு காத்திருந்தேன். அவள் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினாள்.

"ஜாஸ்பர்னா சரி," என்றாள். "அது வேற."

"எது வேற?" என்றேன்.

"இட்ரிஸ், கத்தாதீங்க. நாங்க ரெண்டு பேரும் சமம். அவன் அடுத்த தலைமுறை. எங்க ரெண்டு பேர்ல யாரும் யாருக்கும் மேல போகல இல்ல?"

"உங்க ரெண்டு பேருக்கும் மேல அவன் போறானே."

"அது யாரையும் உறுத்தாது," என்றாள் செசிலி, நிஜமாகவே நிம்மதியோடு. அக்கா ஒரு படி ஏறுவதைப் பொறுக்க முடியாதவளுக்கு, இன்னொரு அக்காவின் மகன் தன் தலைமேல் ஏறி உட்கார்வது சுகமாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

கெய்லி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குப் புரியல. பெரியம்மாதானே மூத்தவங்க? அவங்களுக்கு ஏன் கிடையாது?"

"அது கொஞ்சம் சிக்கலான சட்டம்மா," என்றார் ரூபர்ட்.

"எங்க வீட்டுல நான்தான் மூத்தவ. அம்மா கடைச் சாவியை எங்கிட்டதான் குடுத்தாங்க. தம்பி தரையில முடி பெருக்குவான்." ஜாஸ்பர் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

ஜாஸ்பர் அப்பாவைப் பார்த்தான். அப்பா மார்ஜரியைப் பார்த்தார். எல்லாரும் மார்ஜரியைப் பார்த்தார்கள். அவள் ஒரே ஒரு 'முடியாது' சொன்னால் போதும், அந்த மனு அங்கேயே செத்துவிடும். சட்டம் அவளுக்குப் பட்டத்தைக் கொடுக்கவில்லை, மறுக்கிற உரிமையை மட்டும் கொடுத்திருந்தது. சொல்லடி என்று நான் மேசைக்கடியில் அவள் காலை என் காலால் தொட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் மார்ஜரி. தட்டில் இருந்த கறியை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள்.

காரில் திரும்பும்போது மழை. நான்தான் ஓட்டினேன், நான்தான் பேசினேன். செசிலியைத் திட்டினேன், ரூபர்ட்டைத் திட்டினேன், சாகிற நேரத்திலும் "புள்ள மாதிரி" என்று உளறிய அவள் அப்பனைத் திட்டினேன். "முடியாதுன்னு எழுதிப் போடு," என்றேன். "தொங்கட்டும். உனக்குக் கிடைக்காத பட்டம் எவனுக்கும் வேண்டாம்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் வேண்டாமா? சரி, இன்னொண்ணு செய். செசிலிக்கே விட்டுக்குடு. அவளைச் சம்மதிக்க வெக்கிறது என் பொறுப்பு. ஆசை இல்லாமலா அவ அப்படிக் குதிக்கிறா? அந்தப் பேர்ல ஒரு பொண்ணு உக்காரட்டும். மூத்தவளா இல்லாட்டி இளையவ. அந்த மணிக்காரப் பசங்க ஒரு பொண்ணு முன்னாடி தலை குனியட்டும்."

மார்ஜரி திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் பார்த்திராத ஒரு முகம்.

"செசிலிக்கா?" என்றாள். "செசிலிக்குப் போறதுக்கு, அந்தப் பையனுக்கே போகட்டும்."

"மார்ஜ், அவன் யாரு? போனைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்?"

"அப்பாவோட பேரன். ஆம்பளப் பையன். அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் கிழவரிலிருந்து அவர் நாய் வரை யார் மேலும் எனக்கு மரியாதை இருந்ததில்லை, இவள் ஒருத்தியைத் தவிர. இவளுக்காகத்தான் மற்ற எல்லாரையும் அவ்வளவு தாராளமாக இகழ்ந்துகொண்டிருந்தேன். இப்போது இவளையும் அவர்களோடு சேர்க்க வேண்டியிருந்தது. "வண்டியை எடு, இட்ரிஸ்," என்றாள், "கோழிகளை அடைக்கணும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மனு போய், அரண்மனை அதிகாரிகள் அதை மெல்ல மென்று, பட்டம் வந்து சேர்வதற்குள் ஜாஸ்பர் – கெய்லி கல்யாணமே முடிந்துவிட்டது. பட்டம் வந்த நாளில் ஆறு மணிகளும் அடித்தன. மார்ஜரிதான் அடிக்க வைத்தாள், தன் மணியைத் தானே இழுத்தாள், வியர்க்க வியர்க்க இழுத்தாள். புதிய ஹார்க்ஸ்டன் பிரபு கீழே நின்று, "இது இன்னும் எவ்வளவு நேரம் அடிக்கும், சித்தப்பா?" என்று என்னைக் கேட்டான். எந்த உறவில் நான் சித்தப்பா என்று அவனுக்கும் தெரியாது. ரூபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செசிலி அந்த வாரமே டிவியில் வந்து, பழைய குடும்பங்கள் காலத்துக்கேற்ப எப்படி விட்டுக்கொடுத்து மாறுகின்றன என்று விளக்கினாள். யார் விட்டுக்கொடுத்தார்கள், எது மாறியது என்று பக்கத்தில் இருந்த எவனும் கேட்கவில்லை. நான் டிவியை அணைத்தேன்.

அடுத்த வசந்தத்தில் கெய்லிக்குக் குழந்தை பிறந்தது. ரூபர்ட்தான் போன் செய்தார். "பொண்ணு," என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து கெட்ட செய்தி சொல்கிற குரல். "பரவாயில்ல. ரெண்டு பேருக்கும் வயசு இருக்கு."

கோபுரச் சாவி எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மார்ஜரியின் பக்கத்தில் வைத்தேன். அவள் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

கெய்லி கொஞ்சம் தேறியதும் குழந்தையைக் காட்ட வந்தாள். சீமாட்டி ஹார்க்ஸ்டன், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் விளையாட்டு ஷூ, தோளில் பால் கக்கின துணி. எங்கள் சமையலறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "எங்கம்மா கடை வாசல் பூரா பலூன் கட்டிட்டாங்க, பெரியம்மா," என்றாள். "வர்றவங்களுக்கெல்லாம் கேக். முடி வெட்ட வந்த ஒரு அம்மா அழுதுட்டாங்க."

மார்ஜரி குழந்தையை வாங்கிக்கொண்டாள். தலையை உள்ளங்கையில் பதமாகத் தாங்கிக்கொண்டாள். அந்தக் கைகளை எனக்குத் தெரியும், கிழவரைக் குளிப்பாட்டிய கைகள். குழந்தை அவளைப் பார்த்தது. அவள் மூக்கை அதன் மூக்கில் உரசினாள். அவ்வளவு அன்பு அந்த முகத்தில். ஒரு நிமிஷம் நான் எல்லாவற்றையும் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

"ஜாஸ்பருக்குப் பேப்பர் வந்ததுக்கே ஊரே அதிர்ற மாதிரி அடிச்சீங்களே," என்றாள் கெய்லி. "இவளுக்கு எப்ப அடிக்கப் போறீங்க? நான் போன்ல பிடிச்சு அம்மாவுக்கு அனுப்பணும்."

மார்ஜரி குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"அடுத்தது பையனாப் பொறக்கட்டும்மா," என்றாள், கொஞ்சிக்கொண்டே. "அப்ப அடிக்கலாம்."

கெய்லி எழுந்து வந்தாள். இரண்டு கையையும் நீட்டி, குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.